பல்கலைக்கழகக் கலைத்துறையில் சேருமுன்: வரலாற்றையும் பாடப்பிரிவுகளையும் படித்தறியும் முறை

ஓவியமோ சிற்பமோ முறையாகப் படிக்க வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் ஒரு பல்கலைக்கழகக் கலைத்துறையின் தகவல் கையேட்டைக் கையில் எடுத்ததும், ‘துறையின் வரலாறு’ என்னும் பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிட்டு, கட்டணத்தையும் விண்ணப்பத்தின் கடைசித் தேதியையும் தேடுவது வழக்கம். அந்தப் பக்கம் பெரும்பாலும் நிறுவனரின் பெருமையும் கட்டடத் திறப்பு விழாக்களுமாக எழுதப்பட்டிருப்பதால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் முதலாண்டில் உங்களை எதை வரையச் சொல்வார்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் பட்டறையில் நிற்க நேரும், கலை வரலாற்றுத் தேர்வுக்கு எவ்வளவு படிக்க வேண்டியிருக்கும், களிமண்ணும் கணினியும் ஒரே பாடத்திட்டத்தில் இடம்பெறுமா என்பவற்றில் பெரும்பகுதி, அந்தத் துறை எந்த மரபிலிருந்து கிளைத்தது என்பதைக் கொண்டே முடிவாகிவிடுகிறது. ஆகவே வரலாற்றில் தொடங்கி, பட்டங்களையும் மணிக்கணக்கையும் பார்த்து, பிறகு நேரில் சென்று, கடைசியாக விண்ணப்பம் எழுதுவது என்னும் வரிசையே நல்லது.

துறை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

இன்று ‘நுண்கலைத் துறை’ என்று ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இயங்குபவை ஒரே விதமாகத் தோன்றியவை அல்ல. மிகப் பழையது அகாதெமி மரபு. 1563-இல் பிளாரன்ஸிலும், 1648-இல் பாரிஸிலும், 1768-இல் லண்டனிலும் நிறுவப்பட்ட அகாதெமிகள், ஓவியரையும் சிற்பியையும் கைவினைச் சங்கங்களின் கட்டுப்பாட்டிலிருந்து மீட்டு, கற்றறிந்தோர் வரிசையில் உட்கார வைக்க முயன்றன. பாரிஸில் மாணவர் முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து வரைவார். அதில் தேறினால் பிளாஸ்டர் வார்ப்புச் சிலைகளை வரைவார். அதன் பிறகே உயிருள்ள மாடல் முன் உட்கார அனுமதி கிடைக்கும். வியப்பு என்னவென்றால், வண்ணம் தீட்டுவது அங்கே பாடமாகவே இல்லை. அதை ஏதாவது ஓர் ஓவியரின் சொந்தப் பட்டறையில் சேர்ந்துதான் கற்க வேண்டும். 1863-ஆம் ஆண்டின் சீர்திருத்தத்துக்குப் பிறகே பாரிஸின் அரசுக் கலைப்பள்ளியான ‘எக்கோல் தெ பொசார்’ பள்ளிக்குள் ஓவியப் பட்டறைகள் வந்தன. பெண்களுக்கு அந்தப் பள்ளியின் கதவு திறக்க 1897 வரை ஆயிற்று. இன்றைய ஒரு பாடத்திட்டத்தில் உடற்கூறு, மாடலைப் பார்த்து வரைதல், காம்போசிஷன் (படத்தின் கூறுகளை ஒழுங்குபட அமைத்தல்) ஆகியவை முதல் இரண்டு ஆண்டுகளையும் நிரப்பியிருந்தால், இந்த மரபின் கை அங்கே இன்னும் ஓங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இரண்டாவது, தொழிலுக்காகத் தோன்றிய வடிவமைப்புப் பள்ளிகளின் மரபு. ஆலைகளில் உருவாகும் துணி, பாத்திரம், உலோகப் பொருள்கள் ஆகியவற்றின் தோற்றத்தை மேம்படுத்துவதற்காக 1837-இல் லண்டனில் அரசு வடிவமைப்புப் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னர் ஹென்றி கோலின் நிர்வாகத்தில் லண்டனின் சவுத் கென்சிங்டன் பகுதியை மையமாகக் கொண்டு வளர்ந்த அமைப்பு, கோடு போடுவதிலிருந்து அலங்கார வடிவமைப்பு வரை 23 படிநிலைகள் கொண்ட ஒரு பாடமுறையை வகுத்து, பிரிட்டனெங்கும் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கும் அனுப்பிவைத்தது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியும் கைத்தொழிற் பயிற்சிக்குப் பெரிய இடம் தந்தது. உலோகம், மட்பாண்டம், நெசவு ஆகியவை ஓவியத்துக்குச் சமமான தனிப்பிரிவுகளாக நிற்கும் துறைகளில் இந்த வேரைத் தேடிப் பார்க்கலாம்.

இதன் பக்கத்துக் கிளை ஒன்று உண்டு: பள்ளி ஆசிரியர்களைத் தயாரிக்கும் மரபு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1870-இல் பொதுப் பள்ளிகளில் வரைதலைக் கட்டாயமாக்கியபோது, கற்பிக்க ஆளில்லாமல் போனதால், 1873-இல் ஆசிரியர்களுக்கென்றே ஒரு கலைப்பள்ளியைத் தொடங்க நேர்ந்தது. இப்படிப்பட்ட தொடக்கமுடைய துறைகளில் கலைக்கல்வி என்னும் பாடப்பிரிவு பெரும்பாலும் வலுவாக இருக்கும். கற்பிக்கும் பணிக்குச் செல்ல விரும்புபவருக்கு, பெயர்பெற்ற ஓவியர்களை உருவாக்கிய துறையைவிட இதுவே பொருத்தமானது என்பது என் கருத்து.

மூன்றாவது மரபில் கலை ஒரு செய்முறையாக வராமல், படிக்கவேண்டிய பொருளாகப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது. 1874-இல் சார்லஸ் எலியட் நார்ட்டன் ஹார்வர்டில் நுண்கலை வரலாற்று விரிவுரையாளராக நியமிக்கப்பட்டார். அங்கே முதன்மை பெற்றது தூரிகை அன்று, சொற்பொழிவும் வாசிப்பும்தான். இந்த இரு வழிகளும் எப்படிப் பிரிந்தன என்பதைக் காட்டும் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பெலிக்ஸ் ஸ்லேடு என்பவரின் உயில். 1868-இல் மறைந்த இவர், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லண்டன் ஆகிய மூன்று இடங்களிலும் நுண்கலைப் பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்தப் பணம் விட்டுச்சென்றார். முதல் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் அந்தப் பதவி சொற்பொழிவு ஆற்றுவதற்கானதாகவே அமைந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் முதலில் அதை வகித்தவர் ஜான் ரஸ்கின். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மட்டும் அந்த நன்கொடையில் மாணவர் உதவித்தொகையும் சேர்ந்திருந்தது. அது 1871-இல் ஒரு முழுமையான பள்ளியாக வளர்ந்தது. அதன் முதல் பேராசிரியர் எட்வர்டு பாய்ன்டர், மாதக்கணக்கில் வார்ப்புச் சிலைகளுக்கு நிழல் போட்டுக்கொண்டிருக்கும் சவுத் கென்சிங்டன் வழக்கத்தைக் கண்டித்து, மாணவர்களைச் சீக்கிரமாகவே மாடலின் முன் உட்கார வைத்தார். பெண்களும் தொடக்கம் முதலே அங்கு சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். ஒரே உயில், ஒரே நோக்கம், மூன்று பல்கலைக்கழகங்கள். இன்றும் ‘கலைத்துறை’ என்று பெயர் கொண்ட ஒன்றில் நீங்கள் நான்கு ஆண்டுகளும் கட்டுரை எழுதலாம், இன்னொன்றில் நான்கு ஆண்டுகளும் கை கழுவ நேரமில்லாமல் போகலாம். பெயரை நம்பிச் சேராதீர்கள்.

நான்காவது பௌஹௌஸ் மரபு. 1919-இல் ஜெர்மனியின் வைமார் நகரில் வால்டர் குரோப்பியஸ் தொடங்கிய அந்தப் பள்ளி 14 ஆண்டுகளே இயங்கியது. 1925-இல் டெசாவுக்கும் 1932-இல் பெர்லினுக்கும் இடம்பெயர்ந்து, 1933-இல் நாஜி ஆட்சியின் நெருக்கடியில் மூடப்பட்டது. ஆனால் பல்கலைக்கழகக் கலைத்துறைகளின் முதலாண்டை அதைவிட ஆழமாக மாற்றிய பள்ளி வேறெதுவும் இல்லை. யோஹன்னஸ் இட்டன் அங்கே வகுத்த தொடக்கநிலைப் பாடத்தில் மாணவர்கள் எந்தச் சிறப்புப் பிரிவிலும் சேருமுன், கோடு, நிறம், பரப்பு, பொருளின் தன்மை ஆகியவற்றை நேரடியாகக் கையாண்டு பார்த்தார்கள். பின்னர் அந்தப் பாடத்தை நடத்தியவர்களில் ஒருவரான யோசெஃப் ஆல்பர்ஸ், 1933-இல் அமெரிக்காவின் பிளாக் மவுன்டன் கல்லூரிக்கும் 1950-இல் யேல் பல்கலைக்கழகத்துக்கும் அதைக் கொண்டுசென்றார். காகிதத்தை வெட்டாமல் ஒட்டாமல் மடித்தே நிற்க வைக்கச் சொல்லும் பயிற்சியோ, ஒரே நிறத்துண்டை இருவேறு பின்னணிகளில் வைத்து இரு நிறங்களாகத் தோன்றச் செய்யும் பயிற்சியோ உங்கள் முதலாண்டுப் பாடத்தில் வந்தால், அது இந்த வழியாக வந்தது. பௌஹௌஸின் சமத்துவப் பேச்சுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு: அங்கு சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் நெசவுப் பட்டறைக்கே அனுப்பப்பட்டார்கள், யோசெஃபின் மனைவியான அன்னி ஆல்பர்ஸும் அப்படித்தான் தறிக்கு வந்தார்.

இவை எதிலும் முழுமையாக அடங்காத துறைகளும் இருக்கின்றன. 1919-இல் சாந்திநிகேதனில் தோன்றி, நந்தலால் போஸின் தலைமையில் வளர்ந்த கலாபவனம், அகாதெமிப் பாடமுறையை ஏற்காமல், இயற்கையைக் கவனித்து வரைதல், சுவரோவியம், கைவினை ஆகியவற்றை ஒன்றாகப் பின்னியது; 1951-இல் விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமானபோது அதுவும் பல்கலைக்கழக அமைப்புக்குள் வந்தது. ஆகவே கையேட்டின் வரலாற்றுப் பக்கத்தில் இரண்டு செய்திகளைத் தேடுங்கள்: துறை பல்கலைக்கழகத்தில் சேருமுன் என்னவாக இருந்தது, எந்த ஆண்டில் எந்தப் பிரிவோடு இணைக்கப்பட்டது. கட்டடக்கலைப் புலத்தோடு இணைந்த துறையும், வரலாற்றுப் புலத்தோடு இணைந்த துறையும் ஒரே பட்டத்தை வழங்கினாலும் மாணவரின் ஒரு நாள் இரண்டிலும் வெவ்வேறாகவே கழியும்.

பட்டத்தின் பெயரைப் பிரித்துப் படியுங்கள்

இளங்கலையில் பெரும்பாலும் எதிர்ப்படுவது பி.ஏ., பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலைப் பட்டம்) என்னும் இரு பெயர்கள். பொதுவாக பி.ஏ. என்பது பரந்த கல்விக்குள் கலையை ஒரு முதன்மைப் பாடமாக வைக்கிறது, பி.எஃப்.ஏ. என்பது கலைஞராகத் தொழில்புரியப் பயிற்சி தருவதாகத் தன்னை வகுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் கலைப்பள்ளிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் தேசியச் சங்கத்தின் அளவுகோலின்படி, பி.எஃப்.ஏ.-வில் ஏறத்தாழ 65 சதவீதப் பாடங்கள் கலையைச் சார்ந்திருக்க வேண்டும், பி.ஏ.-வில் அது 30 முதல் 45 சதவீதம் வரை. அதாவது 120 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் மதிப்பலகு) கொண்ட ஒரு பட்டத்தில் முன்னதற்கு 78, பின்னதற்கு 36 முதல் 54 வரை. பிரிட்டனில் பெயர்கள் இப்படிப் பிரிவதில்லை. அங்கே நுண்கலைப் பட்டமும் பெரும்பாலும் பி.ஏ. என்றே வழங்கப்படுகிறது. ஆகையால் பட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், பருவவாரியான பாடப் பட்டியலை எடுத்து, பட்டறைப் பாடங்கள் எத்தனை, எழுத்துத் தேர்வுப் பாடங்கள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

கிரெடிட் எண்ணிக்கை புதியவர்களைப் பெரும்பாலும் ஏமாற்றிவிடும். பல பல்கலைக்கழகங்களில் மூன்று கிரெடிட் கொண்ட விரிவுரைப் பாடம் வாரம் மூன்று மணி நேரம் நடக்கும். அதே மூன்று கிரெடிட் கொண்ட பட்டறைப் பாடம் வாரம் ஆறு மணி நேரம் நடக்கும். ஒரு பருவத்தில் மூன்று பட்டறைப் பாடங்களை எடுத்தால் வகுப்பு மட்டுமே 18 மணி நேரம். களிமண் உலரும்வரையும் எண்ணெய் வண்ணம் காயும்வரையும் காத்திருக்கும் நேரம் அந்தக் கணக்கில் வராது. பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிக்க எண்ணுபவர்கள் இந்தக் கணக்கைச் சேர்வதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

கலை வரலாறு ஏன் கட்டாயமாக இருக்கிறது என்று முணுமுணுக்காத ஓவிய மாணவர் அரிது. பிரிட்டனில் 1960-இல் வெளியான கோல்ட்ஸ்ட்ரீம் குழுவின் அறிக்கை, கலைப் படிப்பு பட்டப்படிப்புக்கு நிகரான தகுதி பெற வேண்டுமானால் அதில் கலை வரலாறும் துணைப்பாடங்களும் இடம்பெற வேண்டும் என்று வலியுறுத்தியது. இன்றைய பாடத்திட்டங்களின் எழுத்துப் பகுதிக்கு அங்கே அதுவே அடிப்படை. 1968-இல் லண்டனின் ஹார்ன்சி கலைக் கல்லூரி மாணவர்கள் கட்டடத்தையே கைப்பற்றி நடத்திய போராட்டத்தில் எழுந்த கேள்விகளில், பாடத்திட்டத்தை யார் வகுப்பது என்பதும் ஒன்று. என்னைப் பொறுத்தவரை, கலை வரலாற்றைத் தேர்வுக்காக மட்டும் நடத்தும் துறையைவிட, வரலாற்று ஆசிரியரே பட்டறைக்கு வந்து மாணவரின் வேலையைப் பார்த்துப் பேசும் துறை மேலானது.

முதுகலையில் எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலைப் பட்டம்) என்பதன் வரலாறு சுருக்கமானது. 1922-இல் அயோவா பல்கலைக்கழகம், மேற்படிப்பில் ஆய்வேட்டுக்குப் பதிலாகப் படைப்பையே ஏற்கலாம் என்று முடிவெடுத்தது. அங்கே 1940-இல் எம்.எஃப்.ஏ. பெற்ற முதல் மாணவர்களில் ஒருவரான எலிசபெத் காட்லெட் தாயையும் சேயையும் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிப் பட்டம் பெற்றார். கறுப்பினத்தவர் என்பதற்காக அவருக்கு மாணவர் விடுதியில் இடம் மறுக்கப்பட்டிருந்தது. 1977-இல் அமெரிக்கக் கல்லூரிக் கலைச் சங்கம், பட்டறைக் கலையில் இதுவே இறுதிப் பட்டம் என்று அறிவித்ததால், அந்நாட்டில் ஓவிய ஆசிரியர் பணிக்குப் பிஎச்.டி. தேவைப்படுவதில்லை. பிற நாடுகள் பலவற்றில் நிலைமை வேறு. கற்பித்தல் பணியை நோக்கமாகக் கொண்டவர்கள் தாம் வேலை தேடப்போகும் நாட்டின் விதியை முதலில் பார்ப்பது நல்லது.

நேரில் செல்லும்போது

கண்காட்சிக் கூடத்தைக் காட்டித்தான் எந்தத் துறையும் விருந்தினரை வரவேற்கும். அதை மரியாதைக்குப் பார்த்துவிட்டுப் பட்டறைகளைக் காட்டச் சொல்லுங்கள். பதிப்போவியப் பட்டறையில் எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் முறை) அச்சுப்பொறியின் உருளைக்கும் தாளுக்கும் இடையில் விரிக்கும் கம்பளித் துணியைத் தொட்டுப் பாருங்கள். அது மென்மையாகவும் மை படியாமலும் இருந்தால் அந்தப் பட்டறையை ஒருவர் அக்கறையோடு பராமரிக்கிறார் என்று பொருள். பசை ஏறி விறைத்துப்போயிருந்தால் அந்தப் பொறியில் நல்ல அச்சு விழாது. செம்புத் தகட்டை அரிக்க நைட்ரிக் அமிலம் பயன்படுத்துகிறார்களா, நச்சுப்புகை குறைந்த ஃபெரிக் குளோரைடு பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். எதுவானாலும் தொட்டிக்கு மேலே புகையை வெளியேற்றும் விசிறி ஓட வேண்டும்.

மட்பாண்டப் பிரிவில் தரையைக் கவனியுங்கள். காய்ந்த களிமண் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே அங்கே துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதே முறை. சூளைகள் எத்தனை என்பதைவிட, ஒரு மாணவரின் பாண்டம் சூளைக்குள் போக எத்தனை நாள் காத்திருக்கிறது என்று கேட்பது பயனுள்ளது. முதல் சுடுதலுக்கு ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸும், கல்மட்பாண்டத்தின் மெருகுச் சுடுதலுக்கு 1200-க்கு மேலும் வெப்பம் தேவைப்படுவதால், சூடேற்றி, ஆறவிட்டு, திறந்தெடுக்க ஒவ்வொரு முறையும் நாட்கள் பிடிக்கும். ஓவியப் பட்டறையில், ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைப் போட மூடியுள்ள உலோகத் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். குவித்து வைத்த அத்தகைய துணி தானாகவே சூடேறித் தீப்பற்றும். இரவிலும் விடுமுறையிலும் பட்டறை திறந்திருக்குமா, பட்டறைத் தொழில்நுட்பர் நிரந்தரப் பணியாளரா என்பவற்றையும் கேட்டறியலாம்.

வாய்ப்புக் கிடைத்தால் ஒரு விமர்சன அமர்வில் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு துறையின் உண்மையான குணம் அங்கேதான் தெரியும். மாணவர் தம் வேலையைச் சுவரில் மாட்டுவார். சக மாணவர்களும் ஆசிரியர்களும் அதைப் பற்றிப் பேசுவார்கள். நன்றாக நடக்கும் அமர்வில் தீர்ப்புக்கு முன் விவரணை வரும்: “இடது ஓரத்தில் இருக்கும் சாம்பல் பட்டை கண்ணை வெளியே இழுத்துச் செல்கிறது” என்று ஒருவர் சொல்வார், “அந்த ஓரத்தை மறைத்துப் பாருங்கள்” என்று இன்னொருவர் எழுந்து தாளை நீட்டுவார், வரைந்தவர் தாம் நினைத்ததைச் சொல்லாமல், மற்றவர்களுக்குத் தெரிந்ததை முதலில் கேட்டுக்கொள்வார். ஆசிரியர் ஒருவரே ஒரு மணி நேரம் பேசி, மாணவர்கள் தலையசைத்துக்கொண்டிருந்தால், அங்கே ஆண்டிறுதிக் காட்சியில் எல்லா வேலைகளும் அந்த ஆசிரியரின் வேலையைப் போலவே இருப்பதைக் காணலாம். அழவைப்பதையே கண்டிப்பு என்று நம்பும் துறைகளும் உண்டு; அந்த வழக்கத்துக்குப் பழமையைத் தவிர வேறு நியாயம் எதையும் நான் காணவில்லை.

ஆசிரியர் பட்டியலைப் பார்க்கும்போது பெரிய பெயர்களில் மயங்காமல், அவர்கள் இளங்கலை மாணவர்களுக்கு இந்தப் பருவத்தில் பாடம் எடுக்கிறார்களா என்று கால அட்டவணையில் சரிபாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசி, பொருள்களுக்கு ஒரு பருவத்தில் எவ்வளவு செலவாகிறது என்று கேளுங்கள். கட்டணப் பட்டியலில் வண்ணமும் கித்தானும் அச்சுத்தாளும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

விண்ணப்பமும் போர்ட்ஃபோலியோவும்

போர்ட்ஃபோலியோவில், அதாவது விண்ணப்பத்தோடு அனுப்பும் படைப்புத் தொகுப்பில், எத்தனை படைப்புகளைச் சேர்க்கலாம் என்பதைத் துறையே குறிப்பிட்டிருக்கும். அதன் மேல்வரம்பை எட்டியே ஆக வேண்டுமென்று பலவீனமானவற்றைச் சேர்க்க வேண்டாம். புகைப்படத்தைப் பார்த்து அச்சசலாக வரைந்த பிரபலங்களின் முகங்களையே புதியவர்கள் அதிகம் அனுப்புகிறார்கள். தேர்வுக்குழு தேடுவது வேறொன்று: உட்கார்ந்த இடத்திலிருந்து நேரில் பார்த்து வரைந்த அறையின் மூலை, ஒரே கையைப் பத்துக் கோணங்களில் வரைந்த தாள், தவறிய கோடுகளை அழிக்காமல் விட்ட குறிப்பேட்டுப் பக்கங்கள். அகாதெமிச் சாயல் கொண்ட துறைக்கு மனித உருவப் பயிற்சிகளை முன்வரிசையில் வையுங்கள். பௌஹௌஸ் வழிவந்த அடித்தள ஆண்டு உள்ள துறைக்குப் பொருள்களோடு விளையாடிப் பார்த்த சோதனைகளையும் சேருங்கள். படைப்புகளைப் பகல் வெளிச்சத்தில், நேர்க்கோணத்தில், பின்னணியில் திரைச்சீலையும் விரல்களும் தெரியாமல் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஊடகம், அளவு, ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதுங்கள்.

நோக்க அறிக்கையில் சிறுவயது முதலே வரைவதில் ஆர்வம் என்று தொடங்காதீர்கள். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். நீங்கள் இப்போது எதில் சிக்கிக்கொண்டிருக்கிறீர்கள், அதைத் தீர்க்க இந்தத் துறையின் எந்தப் பட்டறையும் எந்தப் பாடமும் உதவும் என்று இரண்டு பத்திகளில் எழுதினால் போதும். துறையின் வரலாற்றைப் படித்திருந்தால் இது தானாக வரும்: சுவரோவியத்துக்குப் பெயர்பெற்ற துறைக்கு, சிறிய தாளில் நன்றாக அமைந்த ஒரு காட்சி பெரிய பரப்புக்குச் சென்றதும் ஏன் சிதறிவிடுகிறது என்ற உங்கள் கேள்வியை அதற்கான இரண்டு படங்களோடு எழுதி அனுப்பலாம்.